மாலை நான்கு மணிக்குப் பிறகு இத்தாலி

2024 ஏப்ரல் 25ஆம் தேதி முதல் வெனிஸ் நகரம் தன்னைப் பார்க்க வருபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணி 5 யூரோ கட்ட வேண்டும். அந்த ஆண்டு 29 நாட்கள் இந்த வசூல் நடந்தது. 2025இல் அது 54 நாட்களானது. முன்கூட்டிப் பதிவு செய்யாமல் கடைசி நேரத்தில் வந்தவர்களுக்குக் கட்டணம் 10 யூரோ. முதல் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 4,85,000 பேர் பணம் கட்டினார்கள். நகராட்சிக்குச் சுமார் 24 லட்சம் யூரோ கிடைத்தது. கூட்டம் குறைந்ததா என்றால், குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஐந்து யூரோவுக்குப் பயந்து வெனிஸைப் பார்க்காமல் போகிறவர் யாரும் இல்லை.

ஆனால் அந்தக் கட்டண அறிவிப்பில் பயணிக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. கட்டணம் காலை எட்டரை மணி முதல் மாலை நான்கு மணி வரைதான். அதற்குப் பின் வந்தால் காசு இல்லை. இரவு தங்குபவர்களுக்கும் இல்லை. அவர்கள் விடுதியில் தனியாகத் தங்கும் வரி கட்டுகிறார்கள். கூட்டம் எந்த நேரத்தில் வருகிறது, யாரால் வருகிறது என்பதை நகராட்சியே எழுதிக் கொடுத்துவிட்டது. இத்தாலியின் புகழ்பெற்ற நகரங்களைக் கூட்டத்தில் நசுங்காமல் பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் இந்த நேர அட்டவணையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

2023இல் 5 கோடியே 70 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் இத்தாலிக்கு வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தனை பேரும் நாடு முழுவதும் பரவி நின்றால் யாருக்கும் சிரமம் இருக்காது. அவர்கள் நிற்பது சில நகரங்களில், அந்த நகரங்களிலும் சில தெருக்களில், அந்தத் தெருக்களிலும் பகல் பத்து மணி முதல் ஐந்து மணி வரை. வெனிஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் சுவர்களில் மஞ்சள் பலகைகள் வழிகாட்டும்: ரியால்டோ இந்தப் பக்கம், சான் மார்க்கோ அந்தப் பக்கம். அந்த அம்புக்குறிகளின் பின்னால்தான் மொத்தக் கூட்டமும் நகர்கிறது. எதிரே வருபவரின் தோளில் இடிக்காமல் நடக்க முடியாது. அங்கிருந்து வலமோ இடமோ இரண்டு சந்து தள்ளிப் போனால் வீடுகளுக்கு இடையே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள், கீழே வாய்க்காலில் காய்கறிப் படகு நின்றிருக்கும், ஆள் நடமாட்டம் சொற்பமாக இருக்கும்.

சென்னையிலிருந்து கிளம்பும் ஐரோப்பியக் குழுப் பயணங்களின் நிரலை எடுத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஐந்தாறு நாடுகள். இத்தாலிக்கு மூன்று நாள். வெனிஸில் அரை நாள், பிசா கோபுரத்தடியில் ஒரு மணி நேரம், ஃபிளாரன்ஸ் சதுக்கத்தில் ஒரு நடை, ரோமில் கொலோசியத்தை வெளியிலிருந்து ஒரு பார்வை, பிறகு வத்திக்கான். தங்குவதோ நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில். காலைச் சிற்றுண்டி முடித்துப் பேருந்து ஏறினால் பத்து, பத்தரைக்குத்தான் நகரத்துக்குள் கால் வைக்க முடியும். சீனக் குழுவும் அமெரிக்கக் குழுவும் கப்பலில் வந்த ஜெர்மானியர்களும் வந்து சேர்வதும் அதே நேரம். கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்று இவர்களில் ஒவ்வொருவரும் வருத்தப்படுவது நியாயம்தான். அப்படி மாட்டவைத்தது கையிலிருக்கும் நிரல். இதற்கு மாற்றாகப் பல யோசனைகள் சொல்லப்படுகின்றன. வேறு மாதத்தில் போவது, முன்பதிவு செய்வது, வேறு ஊருக்குப் போவது, எனப் பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் ஓரளவு பயன் உண்டு. ஆனால் நகரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் இரவு தங்கும் நாட்களைக் கூட்டாதவரை மற்ற எந்த உத்தியும் முழுதாகப் பலன் தராது என்பது என் உறுதியான கருத்து.

பருவத்தைப் பற்றி முதலில் பார்ப்போம். நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் பள்ளி விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில்தான் குடும்பத்தோடு கிளம்ப முடிகிறது. இத்தாலியில் அதுதான் நெரிசல் ஏறும் காலம். ஈஸ்டர் வாரம், ஏப்ரல் 25 விடுதலை நாள், மே 1, ஜூன் 2 குடியரசு நாள் என்று அடுத்தடுத்து விடுமுறைகள் வரும். வெளிநாட்டினரோடு உள்ளூர் மக்களும் சேர்ந்து பயணம் போவார்கள். வெனிஸ் நகராட்சி கட்டணம் வசூலிக்கத் தேர்ந்தெடுத்த நாட்களும் பெரும்பாலும் இந்த மாதங்களின் வார இறுதிகளும் விடுமுறைகளும்தான். ஜூலை, ஆகஸ்டில் கூட்டத்தோடு வெயிலும் சேர்கிறது. 2023 ஜூலை 18 அன்று ரோமில் 41.8 டிகிரி பதிவானது. வேலூர்க்காரருக்கு அந்த வெயில் புதிதில்லை. ஆனால் நிழலில்லாத கல்தரையில், பழைய ரோமின் இடிபாடுகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் நிற்பது யாருக்கும் கடினம்.

உண்மையில் அமைதியான காலம் ஜனவரி 7க்குப் பிறகு தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் விழாக்காலம் ஜனவரி 6ஆம் தேதி மூன்று ஞானிகள் திருநாளோடு முடியும். அன்றிலிருந்து வெனிஸ் கார்னிவல் தொடங்கும் வரை சில வாரங்கள். நம் பொங்கலை ஒட்டிய நாட்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். விமானக் கட்டணமும் அறை வாடகையும் இறங்கியிருக்கும். அதற்கு விலை இல்லாமலும் இல்லை: ஐந்து மணிக்கு இருட்டிவிடும், வெனிஸில் பனிமூட்டமும் எலும்பைத் துளைக்கும் ஈரக் குளிரும் இருக்கும், சில உணவகங்கள் மூடிக் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்தால் இந்த வாரங்கள் கைக்கு எட்டாதவை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் ஓய்வு பெற்றவர்களும் மே மாதத்தில் போக வேண்டிய காரணமே இல்லை. நவம்பரும் நல்ல மாதம்தான். ஆனால் வெனிஸில் கடல் ஏறும் பருவம் அது. 2019 நவம்பர் 12 அன்று நீர் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. 2020 அக்டோபர் முதல் மோசே தடுப்பணையின் கதவுகள் பெரிய ஏற்றங்களைத் தடுத்து நிறுத்துவதால் இப்போது அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

பருவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் கடைசி ஞாயிறு இலவசம். மிச்சமாகும் இருபது யூரோவுக்காக இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, உள்ளே போய் மற்றவர்களின் தலைகளுக்கு மேல் ஓவியங்களை எட்டிப் பார்ப்பதைவிட, அடுத்த செவ்வாய்க்கிழமை காசு கொடுத்துப் போவது நல்லது.

மாதத்தை மாற்ற முடியாதவர்களும் மணியை மாற்றலாம். பயணிக்கு மிகப் பெரிய லாபம் இதில்தான் இருக்கிறது. வெனிஸில் மாலை ஆறு மணிக்கு மேல் ரயில் நிலையத்தை நோக்கி ஒரு பெருங்கூட்டம் வடிந்துபோகும். ஏழு மணிக்குக் காஸ்தெல்லோ பகுதியில், கரிபால்டி தெருவில் போய் நின்றால் அந்த ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், பையன்கள் சுவரில் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள், மதுக்கடை வாசலில் வேலை முடிந்து வந்தவர்கள் நின்றபடியே சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளின் மேல் வைத்த கருவாட்டுக் கூழையும் மீனையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு சான் மார்க்கோ சதுக்கத்தில் புறாக்களும் துப்புரவுப் பணியாளர்களும்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஊர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கார் இல்லாத ஊர் என்பதால் பால், ரொட்டி, விடுதித் துணிமூட்டை எல்லாம் படகில் வந்து இறங்கும். இரும்பு வண்டியில் சுமையேற்றிய ஆட்கள் பாலத்தின் படிகளில் ஒவ்வொரு படியாக அதை இழுத்து ஏற்றுவார்கள். முன்னால் நிற்பவர்களை விலகச் சொல்லிக் குரல் கொடுத்தபடியே போவார்கள். ரியால்டோ மீன்சந்தை நடுப்பகலுக்குள் முடிந்துவிடும். ஞாயிறும் திங்களும் கிடையாது. பகல் பயணத்தில் வருகிறவர் பார்க்கும்போது அங்கே கழுவிவிட்ட கல்மேடைதான் மிஞ்சியிருக்கும்.

ரோமிலும் இதே கணக்குதான். திரெவி நீரூற்றின் ஓரத்துக்குப் போக 2026 பிப்ரவரி முதல் வெளியூரார் 2 யூரோ கட்ட வேண்டும். இரவு பத்துக்குப் பிறகு கட்டணம் இல்லை. இரவு பதினொரு மணிக்குப் போனாலும் அங்கே ஆட்கள் இருப்பார்கள், ஆனால் தண்ணீரின் இரைச்சல் காதில் விழும். அதிகாலை ஆறரைக்குப் போனால் அந்தச் சிலைகளை ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம். இதற்கு நகரத்துக்குள் நடந்துபோகும் தூரத்தில் படுக்கை இருக்க வேண்டும். புறநகர் விடுதியில் தங்கி மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு இந்த அதிகாலைகளையும் இரவுகளையும்தான் விலையாகக் கொடுக்கிறோம்.

முன்பதிவு பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆகவே சுருக்கமாக. கொலோசியத்தில் ஒரே நேரத்தில் 3,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை. சீட்டில் பெயர் எழுதப்பட்டிருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள். விற்பனை தொடங்கியவுடன் சீட்டுகள் மறைந்துபோய், வழிகாட்டியோடு சேர்த்து மூன்று நான்கு மடங்கு விலையில் வேறு தளங்களில் முளைத்த கதை பல ஆண்டுகள் நடந்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2025 ஏப்ரலில் சீட்டு விற்பனையாளருக்கும் சில பயண நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. பொம்பேயி 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறது. மிலானில் லியோனார்டோவின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தின் முன் பதினைந்து நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும், ஏமாற்றத்தைத் தவிர்க்கும். உள்ளே அமைதி கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. 20,000 பேர் என்பது பொம்பேயிக்கு வரம்பாக இருக்கலாம், விலைமகளிர் விடுதியின் குறுகிய வாசலில் நிற்பவருக்கு அது நெரிசல்தான். அதே எரிமலை அதே கி.பி. 79இல் புதைத்த ஹெர்குலேனியம் நேப்பிள்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம். அங்கே கருகிய மரக் கட்டிலும் கதவும் இரண்டாம் மாடியும்கூட அப்படியே நிற்கின்றன. வருகிறவர்கள் பொம்பேயிக்கு வருபவர்களில் ஒரு சிறு பங்கு.

பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடும் ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்: அதே நகரத்துக்குள், அதே கூட்டத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் இடங்கள். கொலோசியத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி சான் கிளமெந்தே தேவாலயம். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோயில், கூரையின் அரைவட்டத்தில் பொன் மொசைக். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். சுவர்களில் மங்கிய ஓவியங்கள். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடம், அதில் மித்ரா வழிபாட்டுக்காரர்கள் கூடி விருந்துண்ட தாழ்ந்த அறை, நடுவே காளையைக் கொல்லும் மித்ரா செதுக்கிய பலிபீடம். அந்த ஆழத்தில் எங்கோ சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மதக் காலங்கள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்பதைக் கால்களாலேயே உணர முடிகிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை. 1857இல் அயர்லாந்துத் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கியபோதுதான் கீழே இருப்பது வெளியே தெரிந்தது. கொலோசியம் வாசலில் நிற்கும் பல்லாயிரம் பேரில் இங்கே வருபவர்கள் மிகக் கொஞ்சம்.

கரவாஜியோவின் ஓவியங்களைப் பார்க்க ரோமில் அருங்காட்சியகச் சீட்டு அவசியமில்லை. சான் லூயிஜி தே ஃபிரான்சேசி தேவாலயத்தில் புனித மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள், யாருக்காக வரைந்தாரோ அந்தச் சிற்றாலயத்திலேயே 1600ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இருக்கின்றன. சாந்தா மரியா தெல் போபொலோவில் இரண்டு, சாந்தகஸ்தீனோவில் ஒன்று. மூன்று இடத்திலும் அனுமதிக் கட்டணம் இல்லை. தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டரை மணிவாக்கில் மூடிப் பிற்பகலில் திறக்கும்; தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் போதும். ரோம் மத்திய ரயில் நிலையத்தின் எதிரிலேயே பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகம் இருக்கிறது. 1885இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த வெண்கலக் குத்துச்சண்டை வீரன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். சண்டை முடிந்து களைத்துப்போய், யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பிப் பார்க்கிறான். கன்னத்திலும் காதிலும் உள்ள வெட்டுக் காயங்களில் செம்பைப் பதித்து ரத்தம் காட்டியிருக்கிறான் சிற்பி. கிட்டப்போய் நின்றால் அந்தச் செம்பின் நிறம் வெண்கலத்திலிருந்து பிரிந்து தெரியும். கைகளில் தோல்பட்டைகள் சுற்றியிருக்கும் விதம்கூடத் தெரியும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் இப்படி ஒன்றின் முன் நின்று பார்க்கவே முடியாது. நகருங்கள் என்று காவலர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சிஸ்டைனுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒருமுறை அந்தக் கூரையைப் பார்க்கத்தான் வேண்டும். அதைப் பார்த்த மறுநாள் காலையை இந்த வீரனுக்குக் கொடுங்கள்.

ஃபிளாரன்ஸில் டேவிட் சிலை இருக்கும் அக்காடெமியாவுக்கு வரிசை தெருவைச் சுற்றி நிற்கும். அங்கிருந்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் சான் மார்க்கோ மடம். 1440களில் துறவி ஃபிரா ஆஞ்சலிகோ தன் சகத் துறவிகளின் அறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவரோவியம் தீட்டினார். மாடிப்படி ஏறித் திரும்பும் இடத்தில் வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் ஓவியம் எதிர்ப்படும். படியேறும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து முழுமையாகும். பிறகு வரிசையாகச் சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஜன்னல், வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஓவியம். ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் தினமும் தனியாகப் பார்ப்பதற்காக வரையப்பட்டவை இவை. அவற்றைப் பார்க்க வேண்டிய விதமும் அதுதான். இந்த நகரத்தில் இறுதி இராவுணவு ஓவியங்களும் பல உண்டு. சாந்தப்பொலோனியா மடத்தின் உணவுக்கூடத்தில் கஸ்தாஞ்ஞோ 1447இல் வரைந்தது, ஒஞ்ஞிசாந்தியில் கிர்லாந்தாயோ 1480இல் வரைந்தது, சான் சால்வியில் அந்திரேயா தெல் சார்த்தோ வரைந்தது. மூன்றும் லியோனார்டோவின் ஓவியத்துக்கு முந்தியோ பிந்தியோ அதே காட்சியை வேறு வேறாக யோசித்தவை. மிலானில் பதினைந்து நிமிடச் சீட்டு கிடைக்காதவர் இங்கே நிதானமாக நின்று, யூதாஸை ஒவ்வொருவரும் எங்கே உட்கார வைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி, வேறு ஊருக்குப் போவது என்ற யோசனை. அரசாங்கமும் பயண எழுத்தாளர்களும் அதிகம் விரும்பும் தீர்வு இது: வெனிஸுக்குப் பதில் படோவா, ஃபிளாரன்ஸுக்குப் பதில் லூக்கா, அமால்ஃபி கடற்கரைக்குப் பதில் புலியா. நல்ல யோசனைதான், ஆனால் 'பதில்' என்ற இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. படோவாவின் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜோத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்கள் ஐரோப்பிய ஓவியத்தின் திருப்புமுனை. அதை வெனிஸின் மாற்றுப்பொருளாகப் பார்ப்பது படோவாவுக்கும் மரியாதை இல்லை, வெனிஸுக்கும் மரியாதை இல்லை. அங்கே சிறு சிறு குழுக்களாகத்தான் விடுகிறார்கள். முதலில் ஒரு கண்ணாடி அறையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து உடம்பின் ஈரமும் தூசியும் அடங்கிய பிறகே கதவு திறக்கும். ஓவியத்தைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. பார்ப்பவருக்கும் மனம் அடங்கப் போதுமான நேரம் கிடைக்கிறது.

பரப்பிவிடுவதில் இருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கிராமங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 4,000 பேர்தான் வசிக்கிறார்கள். ஒரு காலத்தில் மீனவர்களும் திராட்சை விவசாயிகளும் மட்டும் அறிந்த மலைப்பாதைகள் அவை. இன்று ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். பாறை சரிந்து 2012இல் மூடப்பட்ட 'காதலர் பாதை' 2024இல் திறந்தபோது முன்பதிவோடும் கட்டணத்தோடும்தான் திறந்தது. 2025 ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அப்ரூட்சோ மலையில் சுமார் 1,500 பேர் வாழும் ரொக்கராசோ என்ற ஊருக்கு ஒரே நாளில் ஏறக்குறைய 10,000 பேர் பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். சமூக ஊடகத்தில் ஓடிய காணொளிகள்தான் காரணம். சாலை அடைத்துக்கொண்டது, பனிமலை முழுவதும் குப்பை. அடுத்த வாரமே பேருந்துகளுக்கு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் தெரியாத ஊர் என்று எழுதப்படும் ஒவ்வொரு பட்டியலும் அந்த ஊருக்கு இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவரக்கூடும். பெருங்கூட்டத்தைத் தாங்கப் பழகிய நகரத்தைவிட, ஒரே ஒரு தெருவும் இரண்டு கழிப்பறையும் உள்ள கிராமத்துக்குத்தான் காயம் அதிகம். ஆகவே சின்ன ஊருக்குப் போவதானால் அங்கும் ஓர் இரவு தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், அங்கேயே காய்கறி வாங்குங்கள். படம் எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கும் பயணத்தால் அந்த ஊருக்குக் குப்பையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

தெற்கே பெரிய நகரங்கள் இருக்கின்றன. அவை பயணிகளை நம்பி மட்டும் வாழவில்லை. பலெர்மோ அதில் ஒன்று. நார்மன் மன்னர்கள் அரபுக் கைவினைஞர்களைக் கொண்டு கட்டிய கோயில்களும் அரண்மனையும் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தமிழ் வாசகருக்கு அங்கே ஒரு வியப்பும் உண்டு. ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் அந்நகரத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். 1624 கொள்ளைநோய்க் காலத்திலிருந்து ஊரின் காவல் புனிதையாகப் போற்றப்படும் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலைமேல், கத்தோலிக்கத் தமிழர்களோடு சைவத் தமிழர்களும் நேர்ந்துகொண்டு ஏறிப் போகிறார்கள். பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் காதில் தமிழ் விழ வாய்ப்புண்டு.

ஊருக்குள் இரவு தங்குங்கள் என்று இதுவரை சொன்னதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. வெனிஸின் பழைய நகரத்தில் 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில் 2008இல் ஓர் எண் பலகை வைத்தார்கள்; மிச்சமிருக்கும் குடிமக்களின் எண்ணிக்கையைச் சிவப்பு விளக்கில் காட்டும் பலகை. 2022 ஆகஸ்டில் அது 50,000க்குக் கீழே இறங்கியது. 2023இல் குடிமக்களின் தொகையைவிடப் பயணிகளுக்கான படுக்கைகளின் தொகை கூடிவிட்டதாக ஊர்க்குழுக்கள் கணக்குக் காட்டின. வெள்ளத்தில் தரைத்தளம் நனைவது, வேலை கிடைக்காதது எனப் பழைய காரணங்களும் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் முதன்மையான காரணம், குடியிருக்க வாடகைக்கு விட்ட வீடுகளெல்லாம் நாள் வாடகை வீடுகளாக மாறியதே. ஃபிளாரன்ஸ் 2023 அக்டோபரில் தன் பழைய நகரப் பகுதியில் புதிய நாள் வாடகை வீடுகளுக்குத் தடை போட்டது. 2025 ஜனவரி முதல் நாடு முழுவதும் இத்தகைய வீடுகளுக்குத் தேசியப் பதிவு எண் கட்டாயம். சுவரோரம் எண்பூட்டுப் பெட்டியில் சாவியை வைத்துவிட்டு உரிமையாளர் கண்ணில் படாமலே நடத்தும் முறைக்கும் அரசு எதிராகத் திரும்பியிருக்கிறது.

நாம் எங்கே படுக்கிறோம் என்பது யாரோ ஒருவருடைய குடியிருப்பைப் பாதிக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கூட்டத்தைப் பற்றி மட்டும் குறைபட எனக்கு மனம் வரவில்லை. வழி இல்லாமல் இல்லை. விடுதியாகவே கட்டப்பட்ட இடங்களில் தங்கலாம். குடும்பமே நடத்தும் சிறிய விடுதிகள் எல்லா நகரத்திலும் இருக்கின்றன. ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றிலும் கன்னியர் மடங்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன. நகரின் நடுவில், சுத்தமான, ஆடம்பரமில்லாத அறைகள். பல மடங்களில் இரவு பதினொன்று வாக்கில் வாசல் அடைத்துவிடுவார்கள். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு நட்சத்திர விடுதியைவிட அவை பொருத்தமானவை. வீடு எடுத்தே ஆகவேண்டிய பெரிய குடும்பம் என்றால், பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

நகரங்கள் செய்யும் கட்டுப்பாடுகளில் எனக்கு மரியாதை தோன்றுவது கட்டணத்தில் இல்லை, அளவில் தலையிடும் விதிகளில். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜூதெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. 2024 முதல் வழிகாட்டிக் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. குறுகிய பாலத்தில் ஐம்பது பேர் கொண்ட குழு ஒன்று நின்று விளக்கம் கேட்பதால் அந்தப் பக்கமுள்ள வீட்டுக்காரர் மளிகை வாங்கி வீடு திரும்ப முடியாமல் நின்ற காலம் இதனால் ஓரளவு மாறும். நம் ஊர்க் குழுப் பயண நிறுவனங்களும் இதைக் கணக்கில் கொண்டு நிரலை மாற்றி எழுதலாம். நாற்பது பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்று காலையிலும் ஒன்று மாலையிலும் உள்ளே போவது நடக்காத காரியமில்லை. அப்படிக் கேட்கும் உரிமை பணம் கட்டுகிற பயணிக்கு இருக்கிறது.

பத்து நாள் கையில் இருக்கும் குடும்பம் ஒன்று என்னிடம் கேட்டால் இரண்டு நகரம் போதும் என்பேன். ரோமில் ஐந்து இரவு, வெனிஸிலோ ஃபிளாரன்ஸிலோ நான்கு இரவு. ரோமிலிருந்து ஒரு நாள் ஒஸ்தியா அந்திகாவுக்குப் போகலாம். பிரமிடு நிறுத்தத்திலிருந்து நகரப் பேருந்துச் சீட்டிலேயே அரை மணிப் பயணம். பழைய துறைமுக நகரத்தின் கடைத்தெருவும் உணவகமும் அரங்கமும் பைன் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. இன்னொரு நாள் ஓர்வியெத்தோ. வெனிஸிலிருந்து படோவா அரை மணி, ஃபிளாரன்ஸிலிருந்து பிஸ்தோயா, அரெட்சோ. இந்தச் சின்னப் பயணங்களுக்கு வட்டார ரயில் போதும். விரைவு ரயில்களைப்போல் அதில் நேரம் ஆக ஆக விலை ஏறாது. முன்பதிவு தேவையில்லை, காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். காகிதச் சீட்டு வாங்கினால் வண்டி ஏறுமுன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம் உண்டு. ஊர் திரும்பும் பயணிகளுக்கு எதிர்த்திசையில், மாலை ஐந்து மணி வண்டியில் வெனிஸுக்குள் நுழைந்தால் உட்கார இடமும் கிடைக்கும்.